அப்பாவை நடக்க வைத்தவள்

தம்பி,

நீங்கள் இருவரும் மெல்பேர்னை விட்டு சிட்னிக்குப் போன பிறகு அப்பாவின் நடைச் சப்பாத்து வாசலில் கிடந்தது. நீல நிறச் சப்பாத்து, உன் மனைவி நிவேதா தெரிவு செய்து வாங்கிக் கொடுத்தது. கூட்டும்போது அதைத் தூக்கி ஓரமாக வைப்பேன். பிறகு மனம் கேட்காமல், அவருடைய கண்ணில் படுகிற மாதிரி மறுபடியும் நடுவில் கொண்டுவந்து வைப்பேன். அவர் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். கால் படாமல், தூங்குகிற பூனையைத் தாண்டுவது போல் தாண்டினார். அதைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் "சாப்பிட்டியோ, அங்கை குளிரோ, சரி வைக்கட்டே" என்பதற்கு மேல் போகாதவள் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. இன்றைக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு வெட்கம். பேசாமல் இருப்பவளுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. பார்த்ததெல்லாம் எழுதும்போதுதான் வெளியே வருகிறது.

எனக்கு உன் மனைவி மேல் பொறாமை. முகத்தைச் சுளிக்காதே, நீ நினைப்பது இல்லை. பெற்று வளர்த்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள் என்று மாமிமார் படுகிற பொறாமை என்றால் கோயிலில் எந்த அன்ரியிடம் சொன்னாலும் ஆறுதல் கிடைத்திருக்கும். உன்னை நான் மனம் நிறையத்தான் கொடுத்தேன். என் பொறாமை வேறு. நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லியும் கேட்காத ஒரு மனிதரை அவள் ஒரே ஒரு தேநீர் வேளையில் கேட்க வைத்தாள். அந்த மனிதர் என் கணவர்.

நான் படித்த காலம் உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். நான் பகலில் பல்கலைக்கழகம் போவதற்காக அப்பா வெயர்ஹவுஸில் இரவு வேலை எடுத்தார். விடிய வந்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். என் வீட்டிலும் அவருடைய வீட்டிலும் பட்டம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட யாரும் போனதில்லை. வகுப்பில் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது. கூடப் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் "உன் கையை ஒருக்கால் தா, நாடி பார்த்துப் பழக வேண்டும்" என்று கேட்கவும் வெட்கம். அதனால் நான் முதலில் நாடி பார்த்துப் பழகியது அப்பாவின் மணிக்கட்டில். அவர் குசினிக் கதிரையில் இருந்தபடி கையை நீட்டிக்கொண்டு தூங்கிவிடுவார். நான் பிடித்துக்கொண்டு இருப்பேன். பிறகு கழுத்து, முழங்கை மடிப்பு, தொடை. அவருடைய உடம்பில் இரத்தம் எங்கெங்கே தட்டும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே தெரியாது. அந்த நாடி என்னுடையது என்று நான் நினைத்துவிட்டேன். பொறாமையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த இரவு வேலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை இருந்த இடத்திலேயே இரவு முழுக்க ஓட்டினார், கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டார். நான் பட்டம் வாங்கி, இதயநோய்க் கிளினிக்கில் இரத்தக் குழாய்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அவருடைய நோயை நான் என் கையாலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம். அவருக்கு ஒரு கோபமும் இல்லை. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது குரக்கன் பிட்டும் கீரையும் கேட்பார். பரிசோதனை முடிந்த அன்று பின்னேரம் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்து இறங்குவார். "அது மூண்டு மாசத்துச் சீனியைக் காட்டுற சோதனை, ஒரு கிழமை நோன்பிருந்து அதை ஏமாத்த ஏலாது" என்று எத்தனையோ தரம் சொன்னேன். "அதுக்கு என்னை ஆரெண்டு தெரியுமே?" என்பார். நீயும் அவரோடு சேர்ந்து சிரிப்பாய்.

எங்கள் கிளினிக்குக்குப் புது இயந்திரம் வந்தபோது, பழகிப் பார்ப்பதற்கு வீட்டு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். கழுத்தில் பேனா மாதிரி ஒன்றை வைத்து, தொடையில் பட்டி கட்டி, இதயம் தள்ளிவிடுகிற அலை இரண்டு இடத்துக்கும் இடையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. அப்பாவைப் படுக்க வைத்து நானே பார்த்தேன். வேகம் அவருடைய வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மிகக் கூட. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், டொக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று. ஆனால் அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். "கூடவோ குறையவோ?" என்று கேட்டார். "கூட" என்றேன். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? பொயிண்ட் குக்கில் சிவா அங்கிள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனோமே, நீ வரவில்லை. கராஜுக்குள் ஆண்களெல்லாம் வட்டமாக இருக்கிறார்கள், நான் ரோல்ஸ் தட்டோடு நுழைகிறேன்.

"மச்சான், மனிசி மிஷினிலை போட்டுப் பாத்தவ. என்ரை நாடி இளம் பெடியங்களை விட ஸ்பீட்."

"அப்ப சீனி, கீனி எல்லாம் சும்மா எண்டுறாய்?"

"சீனி வெளியிலை. உள்ளுக்கை நான் குதிரை."

"குதிரைக்கு இன்னொரு ரோல்ஸ் வையுங்கோ தங்கச்சி" என்றார் சிவா அங்கிள்.

நான் வைத்தேன். அவ்வளவு பேருக்கு நடுவில் என் கணவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. காரில் ஏறிய பிறகுதான் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அந்த வேகம் கூடாது."

"ஏன் கூடாது?"

"குழாய் விறைச்சுப் போச்செண்டு அர்த்தம். மெத்தையிலை தட்டினால் மற்றப் பக்கம் தெரிய நேரமெடுக்கும். மேசையிலை தட்டினால் உடனை தெரியும். உங்கடை குழாய் மேசையாப் போச்சு."

"அப்ப நான் குதிரை இல்லை" என்றார்.

"இல்லை."

"அதை அங்கை வைச்சுச் சொல்லியிருந்தால் அந்த ரோல்ஸாவது மிச்சம்" என்றார்.

மிச்சத்தை உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவருடைய மகன், உன் உடம்பிலும் அதே இரத்தம். நீரிழிவு உள்ளவர்களில் பெருநாடி விறைத்துப் போனவர்களுக்கு, விறைக்காதவர்களைவிட முந்திப் போய்விடுகிற ஆபத்து கூட. சீனியும் கொழுப்பும் ஒழுங்காகத் தெரிகிற ஆட்களிலும் இது மறைந்திருக்கும். வலிக்காது, வீங்காது. நல்ல குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். விறைத்த குழாய் வாங்காது. அடி அப்படியே இதயத்துக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். டொக்டர் குளிசையை மாற்றினார், நடக்கச் சொன்னார். நானும் சொன்னேன். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். ஒரு முறை படம் கீறிக் காட்டினேன். "நாளைக்கு" என்பார். அவருடைய நாளை என்பது எங்கள் வீட்டுக்கு வராத விருந்தாளி.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை நீ நிவேதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பொயிண்ட் குக்கில் தாய் தகப்பனோடு இருக்கிறாள், பஸ் ஓடும் நேரங்களைத் திட்டமிடுகிற அலுவலகத்தில் வேலை என்றாய். நான் தேநீர் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "அங்கிள், உங்க வீட்டுப் பின்னால ஒரு ஓடை இருக்குல்ல? நடந்து பார்க்கணும்னு ஆசை. தனியா போகப் பயமா இருக்கு, கூட வர்றீங்களா?" என்றாள். பக்கத்தில் நீ இருந்தாய், இருபத்து நாலு மணிநேரமும் ஜிம் பேசுகிற பிள்ளை. உன்னைக் கேட்கவில்லை. அப்பா எழுந்தார். பழைய செருப்பைக் கொழுவிக்கொண்டு, எனக்கு "போய்ட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் போனார். வேர்த்துக் கொண்டு திரும்பி வந்து சொன்னார்: "இஞ்சை பாரும், அங்கை கறுத்த அன்னம் குஞ்சோடை நிக்குது. இவ்வளவு காலம் இருக்கிறம், உமக்குத் தெரியுமோ?" எனக்குத் தெரியும். அந்த அன்னத்தைப் பார்க்க வாருங்கள் என்று அதற்கு முதல் வருடம் நான் கூப்பிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குச் சந்தோஷமான காலம். அவள் வேலைக்குப் போகும் வழியில் காரை எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவாள். இருவரும் ஓடைக்கரையால் போய் வருவார்கள். அப்பா பகல் வேலைக்கு மாறியிருந்தது வசதியாகப் போயிற்று. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். "இண்டைக்கு மழை வரும்" என்று சொல்லிப் பார்த்தேன். மெல்பேர்னில் அது எந்த நாளும் பொய்யாகாது. "குடை இருக்கு ஆன்ட்டி" என்பாள். ஒரு நாள் நானும் கிளம்பினேன். பாதை ஒடுக்கம், இரண்டு பேர்தான் அருகருகே போகலாம். அவர்கள் முன்னால், நான் பின்னால் கைப்பையோடு. அவள் பஸ் டிரைவர்களைப் பற்றி ஏதோ சொல்ல அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று வந்து தலையிடி என்று படுத்துவிட்டேன். நீ பனடோல் கொண்டுவந்து தந்தாய், காரணம் கேட்கவில்லை.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குக் குரக்கன் பிட்டு கேட்டார். பரிசோதனை ஒன்றும் கிட்டடியில் இல்லை.

"நிவேதா சொன்னவ, இரவிலை சோறு குறைச்சால் நல்லதாம்."

"நான் இவ்வளவு காலமும் என்ன சொன்னனான்?"

"நீர் சொல்லுறது வேறை."

"என்ன வேறை?"

யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதுதான் கஷ்டம். "நீர் சொல்லேக்கை ஆஸ்பத்திரி மணக்குது. அந்தப் பிள்ளை கூப்பிடேக்கை, நான் போகாட்டி அது தனியப் போகும்." பிட்டை வாயில் போட்டுக்கொண்டு, "போலாமா எண்டு கேக்கிற வடிவைப் பாரும்" என்றார். அதற்குப் பிறகு கடைக்குக் கிளம்பினாலும் என்னைப் பார்த்து "போலாமா?" என்பார். என் கணவரின் வாயில் இன்னொருத்தியின் தமிழ். நான் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்துவேன். அவருக்கு விளங்காது.

உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முதல், அவரை மறுபடியும் இயந்திரத்தில் பார்க்க வேண்டி வந்தது. அந்த அறையில் வெளிச்சம் மங்கல், படுத்திருப்பவர் கதைக்கக் கூடாது. அந்தச் சிறிது நேரம் அவர் முழுக்க என்னுடையவர். கழுத்தில் பேனாவை வைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த இடம், அந்தத் துடிப்பு. திரையில் வேகம் குறைந்திருந்தது. நம்பாமல் திரும்ப எடுத்தேன். திரும்பவும் குறைவுதான். தம்பி, அந்த நேரம் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வேறு யாருடைய கணவராக இருந்தாலும் வந்திருக்கும். எனக்கு வந்தது நெஞ்சுக்குள் ஓர் எரிவு. நான் கையைப் பிடித்துப் பிடித்துப் படித்த உடம்பு, என் சொல்லுக்கு இளகாமல் அவளுடைய பேச்சுக்கு இளகியிருக்கிறது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற வேலை எனக்கு.

"என்ன மாதிரி?" என்றார்.

"குறைஞ்சிருக்கு."

முகம் மலர்ந்தது. "நடைதான், என்ன?"

தொடைப் பட்டியை அவிழ்த்துக்கொண்டே சொன்னேன்: "குளிசை மாத்தினது நல்லா வேலை செய்யுது."

"நடை இல்லையோ?"

"நடை சும்மா, பொதுவா நல்லதுதான். இது குளிசை."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். எது எவ்வளவு வேலை செய்தது என்று ஒரே ஒரு அளவை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. எனக்கு அவளுடைய பெயர் அந்த அறைக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நிவேதாவுக்கு சிட்னியில் வேலை கிடைத்தது, நீங்கள் ஹோம்புஷில் ஃபிளாட் எடுத்தீர்கள். விமான நிலையத்தில் அவள் "போயிட்டு வர்றேன் மாமா, போயிட்டு வர்றேன் அத்தை" என்று எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தாள். நான் அழுதேன். உனக்காக என்று நீ நினைத்தாய். உனக்காகவும்தான். ஆனால் திரும்பி வரும்போது மனதின் ஒரு மூலையில், இனி நான் அவரோடு நடக்கலாம் என்று இருந்தது. மறுநாள் காலை சேலையை விட்டுவிட்டு ட்ராக் பாண்ட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"வாங்கோ, நடப்பம்."

"ஏன்? குளிசைதானே வேலை செய்யுது. நீர்தானே சொன்னனீர்." பிறகு, கேலி இல்லாமல், உண்மையான மரியாதையோடு, "படிச்சனீர் நீர்" என்றார்.

உண்மையைச் சொன்னால் ஏன் பொய் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அவருடைய விருந்தாளியை நானும் எதிர்பார்க்கத் தொடங்கினேன். சப்பாத்து வாசலில் கிடந்தது. இரவில் சோறு திரும்பி வந்தது. வெயர்ஹவுஸ் நண்பர்களோடு கொத்துரொட்டியும் வந்தது. நீ தொலைபேசியில் கேட்டபோது "அப்பா நல்லா இருக்கிறார்" என்றேன்.

எங்கள் கிளினிக்குக்குக் கிரேக்கத் தம்பதி ஒன்று வரும். கணவருக்கும் அப்பாவைப் போல நீரிழிவு, அப்பாவைப் போலவே விறைத்த குழாய். கார் நிறுத்துமிடத்திலிருந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு வருவார். நான் யன்னலால் பார்ப்பேன். அந்த மனைவி மேலும் எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. போன கிழமை அவள் தனியாக வந்தாள். அவருடைய அடுத்த முறைச் சோதனையை இரத்துச் செய்ய வேண்டும் என்றாள். அதை வீட்டிலிருந்து தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வந்து போன இடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் போல் இருந்ததாம். காலைத் தேநீர் போட்டுக் கொடுத்தாராம், கோப்பையைக் கழுவ எடுத்துப் போனவர் குசினியில் விழுந்தாராம், பிறகு எழும்பவேயில்லையாம். அவருடைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள், கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளிடம் பொறாமைப்பட ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது.

அன்று வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமல் அப்பாவின் முன்னால் போய் நின்றேன். தொலைக்காட்சியை நிற்பாட்டினேன்.

"நான் பொய் சொன்னனான்."

"என்ன பொய்?"

"குளிசை மட்டுமில்லை. நடையும்தான். குளிசையையும் விடக்கூடாது, நடையையும் விடக்கூடாது. அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"எனக்கு எரிச்சல்."

"ஆரிலை?"

"நிவேதாவிலை."

அவர் என்னைப் பார்த்த பார்வை உனக்கு விளங்காது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இவ்வளவு காலத்திலை என்னாலை ஒருத்தருக்கும் பொறாமை வந்ததில்லையப்பா. உமக்கோ? என்னாலையோ?" நான் அழுதுகொண்டே "நீங்கள் விழுந்து போனால் நான் என்ன செய்யிறது?" என்றேன். சிரிப்பு நின்றது. மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார், அந்தக் காலத்தில் குசினிக் கதிரையில் நீட்டியதைப் போல. நான் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் எண்ணவில்லை.

அடுத்த நாள் காலை சப்பாத்தைப் போட்டார். எனக்காகத்தான் என்று நினைத்தேன். படியில் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். "மாமா! நான் இப்பதான் ஸ்டேஷனுக்கு நடந்துட்டு இருக்கேன், பேசிட்டே வாங்க" என்று அவள் கத்தியது எனக்கும் கேட்டது. இப்போது தினமும் அப்படித்தான். அவள் ஹோம்புஷில் ரயிலுக்கு நடக்கிறாள், இவர் ட்ருகனினாவில் ஓடைக்கரையால் நடக்கிறார், காதுக்குள் அவள். அவள் ரயில் ஏறிய பிறகுதான் என் முறை. அதுவரை நான் பக்கத்தில் நடந்து, பேச்சில் ஒரு பாதியை மட்டும் கேட்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. காலையில் அவள் நடக்கும்போது நீ படுத்திருக்கிறாய் என்று அப்பாவின் பக்கத்துப் பேச்சிலிருந்து தெரிகிறது. எழும்பு. அவரைப் பார்த்துப் பழகிய பிள்ளை நீ. நல்லதை மட்டும் எடு. உன் மனைவி ஒன்றைச் சொன்னால் அவள் சொல்லும்போதே கேள். அவளே சொன்னதை வேறு யாராவது வந்து சொன்ன பிறகு எழும்பிப் போகிறவனாக இராதே. அது ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று இவ்வளவு நேரம் வாசித்தாய். இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். காட்டினால், அத்தைக்குக் கோபம் இல்லை என்று சொல். பொறாமை இன்னும் இருக்கிறது என்றும் சொல். இரண்டும் உண்மை.

இன்று காலை பாதை ஒடுங்குகிற இடத்தில் அவர் முன்னால் போனார். அவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பின்னால் நின்று அந்த முதுகைப் பார்த்தேன். பழைய எரிவு வந்தது. வரட்டும் என்று விட்டேன். நான் கிழவியாகி, இந்தப் பாதையில் தடி ஊன்றி நடக்கிற காலத்திலும் அவர் இப்படி முன்னால் போய்ச் சிரிக்க வேண்டும், எனக்கு இப்படியே எரிய வேண்டும்.

அம்மா